ஒரு நூல் கூடுதல்

கையை நீட்டுங்கள் சார். இந்தக் கை இல்லை, வலது கை. அப்படித்தான். இப்போது பிடியுங்கள். கட்டைவிரல் இந்தப் பள்ளத்தில். மற்ற மூன்று விரல்களும் இங்கே. சுட்டுவிரல் வெளியே இருக்கட்டும், அதற்கு வேறு வேலை. பின்னால் இறக்கை மாதிரி நீண்டிருக்கிறதே, அது மணிக்கட்டின் மேல் உட்காரும். உட்கார்ந்ததா? அழுத்துகிறதா? இல்லை அல்லவா? உங்களுக்குச் செய்ததில்லை, அதனால் கொஞ்சம் ஆடும். அவள் கையில் போட்டால் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

பயப்படாதீர்கள், இது துப்பாக்கி இல்லை. பிஸ்டலின் கைப்பிடி மட்டும்தான். துப்பாக்கி கிளப்புடையது. கோச் ரத்தினசாமி அதைப் பூட்டி, கிளப் ஜீப்பில் கோயமுத்தூருக்குக் கொண்டுபோகிறார். ஜீப்பில் எங்களுக்கும் இடம் இருந்தது. நான்தான் ஏறவில்லை, இந்தப் பஸ்ஸைப் பிடித்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு கரூர் வரைக்குமாவது என்னால் வர முடியுமா? காறித் துப்பத் தோன்றுகிறது.

நமக்கு முன்சீட்டில் ஜன்னலோரமாக இருக்கிறாளே, பச்சைத் துப்பட்டா, அதுதான் என் மகள். பூங்கோதை. கோதை என்று கூப்பிடுவோம். பத்தொன்பது வயது. காதில் வயர் மாட்டியிருக்கிறாள், நாம் பேசுவது கேட்காது. கேட்டாலும் கேட்கட்டும். திருச்சியில் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாதவளுக்குக் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன?

காலேஜில் என்.சி.சி.யில் சேர்ந்தாள். ஒரு கேம்ப்பில் சுடக் கொடுத்திருக்கிறார்கள். குறி அப்படியே நடுவில். வீட்டுக்கு வந்து சுட்ட அட்டையைக் காட்டிச் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள். அட்டையை வாங்கிப் பார்த்தேன். எங்கள் தெருவில் ஒருத்தன், பழனிவேல் மகன், படிப்பில் மண்ணாங்கட்டி. துப்பாக்கி சுட்டு மெடல் வாங்கி, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வேயில் உட்கார்ந்துவிட்டான். அவனால் முடிந்தது என் மகளால் முடியாதா? மறுநாளே கிளப்பில் சேர்த்தேன்.

பிஸ்டல் என்பது லேசில்லை சார். நிஜத் தோட்டா. ஒரு கைதான். இன்னொரு கையால் தொடக்கூடாது, எதன்மேலும் சாயக்கூடாது. கையை நீட்டி, அதன் நுனியில் அந்த எடையைப் பிடித்துக்கொண்டு, ஆடாமல் நிற்க வேண்டும். ரத்தினசாமி வாரத்தில் மூன்று நாள் பழக்குவார். மூன்று நாள் எந்த மூலைக்கு? மீதி நாட்களுக்கு நான் இருக்கிறேன். எனக்குத் தொழில் பேட்டர்ன் செய்வது. கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் கடை. பௌண்டரியில் பம்ப்செட், மோட்டார் உடம்பெல்லாம் வார்க்கிறார்களே, அதற்கு முதலில் மரத்தில் ஒரு உருவம் வேண்டும். அதை மண்ணில் பதித்து எடுத்து, அந்தக் குழியில் இரும்பை ஊற்றுவார்கள். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். என் கை படாத மோட்டார் கோயமுத்தூரில் குறைவு. சும்மா சொல்லவில்லை.

பிஸ்டல் அளவுக்கு ஒரு பேட்டர்ன் செய்து, இரும்பில் வார்த்தேன். எடை மட்டும் பிஸ்டலைவிட ஒன்றரை மடங்கு. காலையில் பல் தேய்த்ததும் அதைப் பிடித்து, கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் டீ குடித்து முடிக்கிறவரை. சூடாகக் குடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆற வைத்துத்தான் குடிப்பேன். அவள் அம்மா அடுப்படியிலிருந்து, "அந்த டீயக் குடிச்சுத் தொலைங்களே" என்பாள். இவள் என்ன கூலிக்கா நிற்கிறாள்? தனக்காகத்தானே நிற்கிறாள்?

தீபாவளி கழிந்து மணிக்கட்டில் லேசாக வீக்கம். டாக்டரிடம் போனோம். படம் எடுத்தார். தசைநார் என்றார், அழற்சி என்றார், மூன்று மாதம் கையை அசைக்கக்கூடாது என்றார். ஓய்வெடு என்று சொல்ல ஒரு டாக்டரா சார்? அதை என் மாமியாரே சொல்லுவாள், பீஸ் இல்லாமல். மூன்று மாதம் விட்டால் போட்டி போய்விடும். போட்டியில் பாயின்ட் எடுத்தால்தான் அடுத்த கட்டம். அதைத் தாண்டினால்தான் சர்ட்டிபிகேட். சர்ட்டிபிகேட் இருந்தால்தான் வேலை. இது டாக்டருக்குத் தெரியுமா? அவர் மகன் அமெரிக்காவில் இருக்கிறானாம், சுவரில் போட்டோ மாட்டியிருந்தது.

அமெரிக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே ஒரு சாமான் இருக்கிறது. பிஸ்டலின் பின்னால் மாட்டி, முன்கையோடு சேர்த்து இழுத்துக் கட்டுகிற பட்டை. கை முடியாதவர்களும் சுட வேண்டும் என்று ஒருத்தன் செய்தது. முதலில் அரசாங்கமே, மாட்டிக்கொள், அப்போதும் அது பிஸ்டல்தான் என்றது. ஜனங்கள் அதைத் தோளில் வைத்துச் சுட ஆரம்பித்தார்கள். உடனே, தோளில் வைத்தால் அது பிஸ்டல் இல்லை, ரைபிள் என்றது. ரைபிளுக்கு வேறு சட்டம். கோர்ட்டுக்குப் போனார்கள். கோர்ட் அந்த விதியே செல்லாது என்றுவிட்டது. ராத்திரி பகலாக போனில் அதைத்தான் பார்த்தேன். அத்தனை பெரிய தேசம், அத்தனை வக்கீல்கள், ஒரு பட்டையை மாட்டினால் பிஸ்டல் பிஸ்டலா இல்லையா என்று முடிவுசெய்யத் திணறியிருக்கிறார்கள். இங்கே ஒரு பி.டி. டீச்சர் முடிவுசெய்கிறாள். வருகிறேன், அதற்கும் வருகிறேன்.

ரத்தினசாமியிடம் கெஞ்சிக் கைப்பிடியை மட்டும் கழற்றி வாங்கி வந்தேன். அதைப் பார்த்துப் பழைய வீட்டு நிலைத் தேக்கில் இதைச் செதுக்கினேன். பட்டை கிடையாது. கையைச் சுற்றி எதுவும் இருக்கக்கூடாது என்று விதி இருக்கிறதாம். சரி, நான் சுற்றவில்லை. மேலே ஒரு இறக்கை மட்டும். அதுபாட்டுக்கு மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கும். எடை முன்னால் இழுத்தால் இது பின்னால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். எத்தனை அழகு பாருங்கள், ஒரு உளித்தடம் தெரிகிறதா?

ரத்தினசாமி கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "சென்னியப்பண்ணா, வேலைப்பாடு நல்லாத்தான் இருக்குது. ஆனா போட்டியில விடமாட்டாங்க. அவங்க விடறாங்களோ இல்லையோ, புள்ளைக்குக் கை சரியில்ல. இந்த வருசம் விட்டுருங்க" என்றார்.

விட்டுவிடுவதாம். இவர் கிளப்பில் மிலிட்டரிக்காரர் மகள் ஒருத்தி இருக்கிறாள். கோதை ஒதுங்கினால் யாருக்கு இடம்? எனக்குத் தெரியாதா? "நீங்க மாட்டிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்" என்றேன். சோதனை மேசைக்கு வந்தா அவங்களே சொல்லிருவாங்க என்று முனகிக்கொண்டே மாட்டினார்.

எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள், வேண்டாம் என்று அவள் சொல்லவில்லையா, அவள் சொல்லவில்லையா என்று. அவள் சொல்லவே இல்லை சார். அதுதான் என் ஆத்திரம். ஒரு நாள் கடைக்கு வந்து நின்றாள். "அப்பா, இது பெட்டிக்குள்ள போகுங்களா?" என்றாள். போட்டியில் ஒரு பெட்டி வைத்திருப்பார்கள். பிஸ்டல் முழுசாக அதற்குள் அடங்கிக் கிடக்க வேண்டும், அப்போதுதான் விடுவார்கள். "போகும் கண்ணு, அளந்துதான் செஞ்சிருக்கறேன்" என்றேன். தன் ஜியோமெட்ரி பெட்டி ஸ்கேலை எடுத்து நீட்டினாள். பிளாஸ்டிக் ஸ்கேல். சிரித்துவிட்டேன். "நாப்பது வருசமா மரம் அளக்கறவனுக்குப் பிளாஸ்டிக் ஸ்கேலா அம்மிணி?" என்றேன். அவளே ஓரமாக உட்கார்ந்து வைத்து வைத்துப் பார்த்தாள். ஸ்கேலைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டாள். இன்னொரு நாள், "கை எரியுதுங்கப்பா" என்றாள். விளக்கெண்ணெய் போட்டு நீவிவிட்டேன். நானே நீவிவிட்டேன், என் கையால். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அப்புறம் கிளம்புவதற்கு முந்தின நாள், "நான் அம்மா கூடவே இருந்துக்கறனே" என்றாள். அம்மாவுக்கு என்ன காய்ச்சலா? கிளம்பு என்றேன். இவ்வளவுதான். வேண்டாம் என்று ஒரு நாளாவது வாயைத் திறந்து சொன்னாளா? இல்லை.

இன்று காலை பத்து மணிக்குத் திருச்சியில் போட்டிக்கு முன்னால் பிஸ்டல் சோதனை. நீள மேசை. மேசைமேல் அந்தப் பெட்டி. அதற்குப் பின்னால் ஒரு பெண், சின்ன வயது, கழுத்தில் அட்டை. ஹெப்சிபா மேடம் என்றார்கள். ஏதோ பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராம். எல்லாப் பிள்ளைகளும் வரிசையில் வந்து பிஸ்டலை வைக்கிறார்கள், எடுக்கிறார்கள், போகிறார்கள். ரத்தினசாமி கோதையின் பிஸ்டலை வைத்தார். முன்பக்கம் படுத்தது. பின்பக்கம் படுக்கவில்லை. இறக்கை விளிம்பில் ஏறி நின்றுகொண்டது. ஒரு நூல் சார். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. உங்கள் நகக்கணு அளவு.

எனக்கு அப்போதே உறைத்துவிட்டது. எங்கள் தொழிலில் வைத்திருக்கிற ஸ்கேல் மற்ற ஸ்கேல் மாதிரி இல்லை. இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்ன் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியாது என்று, ஸ்கேலிலேயே கோடுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்கள். என் கடையில் அந்த ஸ்கேல்தான். வேறு ஸ்கேல் கிடையாது. என் அப்பா காலத்திலிருந்து கிடையாது. ஆனால் மரம் சுருங்குமா? சுருங்காது. கை பழகிவிட்டது, என்ன செய்ய?

"ஒரு நூல்தானுங்க மேடம். உப்புத்தாள் இருந்தாக் குடுங்க, இங்கயே தேச்சர்றேன்" என்றேன்.

"தேச்சாலும் ஆகாது சார். இது மணிக்கட்டத் தாங்குது. மணிக்கட்டு எந்தத் துணையும் இல்லாம இருக்கணும்."

"தாங்கலீங்க, தொடுது. தொடறது வேற, தாங்கறது வேற."

"தாங்கலேன்னா எதுக்கு சார் வச்சிருக்கீங்க?"

பின்னால் வரிசையில் ஒரு பையன், "அழகுக்கு மேடம்" என்றான். எல்லாப் பயல்களும் சிரித்தார்கள். அசிங்கம் சார். வயதுக்கு வந்த பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பன் அசிங்கப்படுவது.

நான் விடவில்லை. "இத மாட்டுனா இது பிஸ்டல் இல்லைங்களா? அதே குழல், அதே தோட்டா, அதே ஒத்தக் கை. நாளைக்கு நான் கண்ணாடி போட்டா நான் சென்னியப்பன் இல்லைன்னு சொல்லுவீங்களா?" என்றேன். அமெரிக்கா கதையை முழுக்கச் சொன்னேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகவில்லை. கேட்டுவிட்டு, "அது அங்க லைசென்சுக்கான சட்டம் சார். அதப் பத்தி எனக்குத் தெரியாது. இது பிஸ்டல்தான். ஆனா பிஸ்டல் போட்டியில சேராது. எங்கிட்ட இருக்கறது இந்தப் பெட்டி ஒண்ணுதான்" என்றாள். அதோடு நிறுத்தினாளா? "கை முடியாதவங்களுக்குத் தனியாப் போட்டி நடக்குது சார். அங்க விதி வேற. கேட்டுப் பாக்கறீங்களா?" என்றாள்.

என் மகள் முடம் என்கிறாள்! அத்தனை பேர் நடுவில்! "என்ற புள்ளைக்கு என்ன கொறை? கை காலெல்லாம் நல்லாத்தான் இருக்குது!" என்று கத்தினேன். கத்தினேன்தான், மறைக்கவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. கோதையைப் பார்த்து, "கையக் காட்டும்மா" என்றாள். கோதை காட்டினாள். "வலிக்குதா?" என்றாள். "வலிக்கலைங்க" என்றேன் நான். "உங்கள இல்ல சார்." மறுபடி, "வலிக்குதாம்மா?"

என் மகள் என்ன சொன்னாள் தெரியுமா? "இது பெட்டில அடங்காதுன்னு எனக்குத் தெரியுங்க மேடம். அளந்து பாத்துட்டேன்" என்றாள்.

எப்படி இருந்திருக்கும் எனக்கு? தெரிந்திருக்கிறது. தெரிந்தே பஸ் ஏறி, தெரிந்தே அத்தனை தூரம் வந்து, தெரிந்தே வரிசையில் நின்று, என்னை ஊர் சிரிக்கவைத்து, அப்புறம் சொல்கிறாள். ஏன் சார்? வீட்டிலேயே சொல்லியிருந்தால் இரண்டு இழுப்பு அரம் போட்டிருப்பேனே? அந்த டீச்சரிடம் சொல்கிற வாய்க்கு அப்பனிடம் சொல்ல என்ன வந்தது? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். எனக்குப் புரியவில்லை. பெண்பிள்ளை மனசில் என்ன இருக்கிறதோ.

அதற்கப்புறமும் வழி இருந்தது. கிளப்பின் பழைய கைப்பிடி ரத்தினசாமி பையில் இருந்தது. அதை மாட்டிக்கொண்டு வந்தால் விடுவதாகச் சொன்னார்கள், நேரமும் இருந்தது. "மாட்டுங்க" என்றேன். "புள்ளயக் கேக்கலாம்" என்றார். "நீங்க மாட்டுங்க, புள்ள என்ற புள்ள" என்றேன். மனுஷன் வேண்டுமென்றே மெதுவாகத் திருகினார், ஒவ்வொரு திருகாணியாக. மாட்டி முடித்துத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

எங்கே இருந்தாள் தெரியுமா? கேன்டீனில். தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அதுகூடப் பரவாயில்லை. பசித்திருக்கும். எப்படிச் சாப்பிட்டாள் என்பதுதான். இடது கையால் சாப்பிட்டாள் சார்! பீச்சாங்கையால்! கையால் பிசைந்து, உருட்டி, வாயில் போட்டுக்கொண்டு. நாலு ஊர்ச் சனம் உட்கார்ந்திருக்கிற இடத்தில். எங்கள் குடும்பத்தில் அந்தக் கையால் வெற்றிலைகூட வாங்கமாட்டோம். சுடாதது போகட்டும், தோற்றது போகட்டும், ஊர் சிரித்தது போகட்டும். இதைப் பார்க்கத்தான் இத்தனை வருஷம் வளர்த்தேனா?

"சோத்துக் கையில தின்னு" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "தின்னு கண்ணு, எல்லாரும் பாக்கறாங்க" என்றேன், கொஞ்சம் தணிந்தே சொன்னேன். வலது கையைத் தட்டில் வைத்தாள். விரலை மடக்கினாள். சோற்றை அள்ளித் தூக்கினாள், பாதியில் கை உதறியது, எல்லாம் மடியில் விழுந்தது. மறுபடி அள்ளினாள். மறுபடியும் மடியில். பச்சைக் குழந்தை மாதிரி தயிரும் சோறுமாக மடியெல்லாம். அழவும் இல்லை. மூன்றாவது தடவையும் அள்ளினாள். வீம்பு சார். என்னை அவமானப்படுத்தவேண்டும் என்றே செய்தாள். "போதும், எந்திரி" என்றேன்.

அதற்குள் அந்தப் பெட்டிக்காரி எங்கிருந்தோ வந்துவிட்டாள். ஒரு ஸ்பூனைக் கொண்டுவந்து வைத்தாள், பையிலிருந்து ஐஸ் எடுத்தாள், துணி சுற்றினாள், "மெதுவாம்மா, மெதுவா" என்றாள். பிஸ்டல் போட்டியில் சேராது என்று வெளியே தள்ளியதும் இவள்தான், தாய் மாதிரி மடியைத் துடைத்துவிடுவதும் இவள்தான். இந்த நடிப்பெல்லாம் எனக்குத் தெரியும். ரத்தினசாமி அங்கேயும் வந்து நின்றார். "அண்ணா, கோவிச்சுக்காதீங்க. இப்படியே இன்னும் ரெண்டு மாசம் போச்சுன்னா அந்தக் கை பேனாக்கூடப் புடிக்காது" என்றார். சாபம் விடுகிறார் சார். பெற்றவன் நிற்கிறேன், என் முகத்துக்கு நேராகவே சாபம் விடுகிறார். அதனால்தான் ஜீப்பில் ஏறவில்லை.

சரி, இப்போது நீங்கள் சொல்லுங்கள். வெளியாள், நடுவாகச் சொல்லுங்கள். தை மாதம் ஈரோட்டில் இன்னொரு போட்டி இருக்கிறது. அங்கே வேறு ஆட்கள், வேறு மேசை. நான் என்ன நினைக்கிறேன் என்றால், இறக்கையை மொத்தமாக எடுத்துவிடலாம். அதற்குப் பதிலாக இங்கே, உள்ளங்கை முடிகிற இடத்தில், ஒரு சின்ன மேடு. வெளியே தெரியாது. கைப்பிடியோடு கைப்பிடியாக இருக்கும். மணிக்கட்டு காலியாகத்தான் தெரியும், ஆனால் உள்ளே அது பாட்டுக்குத் தாங்கிக்கொண்டிருக்கும். ஸ்கேல்கூட வாங்கிவிட்டேன், பஸ் ஸ்டாண்டு கடையில். இதோ பாருங்கள், ஸ்டீல் ஸ்கேல். சரியான அளவு. அந்த மேடு இங்கே வர வேண்டுமா, இல்லை இன்னும் ஒரு விரல் கீழேயா? உங்கள் கையை ஒருதரம் கொடுங்கள், குறி வைத்துப் பார்க்கிறேன். அவள் கை மாதிரியே ஒல்லியாக இருக்கிறது உங்களுக்கும்.

டாக்டர் சொல்வார், கோச் சொல்வார், டீச்சர் சொல்வாள். நாளைக்கு அவளுக்கு வேலை இல்லை என்றால் இந்த மூன்று பேரில் யார் சோறு போடுவார்கள்? கை வலி இரண்டு நாளில் போய்விடும். நான் உளி பிடிக்க ஆரம்பித்த காலத்தில் எனக்கு வலிக்காத வலியா? அதெல்லாம் பழகிவிடும். பழக வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் கேட்கிற பிள்ளைதான், யாரோ கெடுத்துவிட்டார்கள். ஈரோட்டில் பாருங்கள், நீங்களே பேப்பரில் பார்ப்பீர்கள், பூங்கோதை, சென்னியப்பன் மகள் என்று...

என்ன கண்ணு? தண்ணியா? கொண்டா இங்க, தொறந்து தர்றேன். இந்தா, குடி. மூடி என்கிட்டயே இருக்கட்டும், குடிச்சுட்டுக் குடு, மூடித் தர்றேன்.